இடமா, வேகமா என்று கடைக்காரர் கேட்டபோது

என் கையெழுத்து கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எங்கே பெரிய ‘ற’ போடவேண்டும், எங்கே சின்ன ‘ர’ போடவேண்டும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழை கண்ணில் பட்டால் படிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொண்டு மேலே போகவேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பேச்சு வராததால் ஒரு மனிதருக்கு நான் செய்துவிட்ட கெடுதலைத்தான் எழுதப் போகிறேன்.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. செல்போன் ரீசார்ஜ், கவர், சார்ஜர், அதோடு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது. அதற்கு முன்னால் கொத்தனாருக்குக் கையாளாக இருந்தேன். இங்கே கம்பெனிக் கட்டடங்கள் வரிசையாக எழும்பிய காலத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு சிமெண்டு மூட்டை தூக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் என் மைத்துனர் வெளிநாடு போனார். அவர் நடத்திய கடை எங்கள் கைக்கு வந்தது. கம்ப்யூட்டரும் கடையோடு வந்தது.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. திரையில் ஃபோல்டர் என்கிற மஞ்சள் பெட்டி எங்கே இருக்கிறது, எதைப் பிடித்து எதற்குள் போடவேண்டும் என்று கண்ணால் பழகிக்கொண்டேன். பாட்டு வந்த சினிமாக்களின் பெயரை எழுத்துக்கூட்டாமல் எழுத்தின் உருவத்தை வைத்தே அடையாளம் கண்டுபிடிப்பேன். வாடிக்கையாளர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது பெரும்பாலானவர்களிடம் பட்டன் போன்தான். உள்ளே நகத்தளவு கார்டு. இரண்டு மாதத்தில் போட்டோவும் வீடியோவுமாக அது நிறைந்துவிடும். புதுப்பாட்டு ஏற்ற இடம் இருக்காது. அழிக்கட்டுமா என்று கேட்டால் யாருக்கும் மனசு வராது. “உங்க கம்ப்யூட்டர்ல போட்டு வைங்கண்ணே, ஊருக்குப் போறப்ப வாங்கிக்கிறேன்” என்பார்கள். ஒருவர் சொன்னார், இன்னொருவர் சொன்னார், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவரவர் வந்து தங்கள் ஊர்ப்பெயரை அடித்து ஒரு மஞ்சள் பெட்டி திறந்து அதற்குள் தங்களுடையதைப் போட்டுவிட்டுப் போவார்கள். சாத்தூர், பரமக்குடி, தேவகோட்டை, உளுந்தூர்பேட்டை என்று கம்ப்யூட்டருக்குள் பாதித் தமிழ்நாடு இருந்தது. அதற்கு நான் காசு வாங்கியதில்லை. திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்களும் குறைவு. அது அங்கே இருக்கிறது என்ற தைரியமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கடையில் நிற்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் கண்டுகொள்ள மாட்டார்கள். லைனை நிறுத்தி மிஷினையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். ஒவ்வொருவரும் தன் மிஷின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்குப் பிள்ளை எங்கே வேலை செய்கிறான் என்று காட்ட அந்த ஒரு நாள்தான் வழி.

அப்படி வருகிறவர்களில் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினார். கம்பெனி ஆள் கிடையாது, கான்ட்ராக்ட். சம்பளம் சனிக்கிழமை சனிக்கிழமை கையில். மனைவியும் மகளும் ஊரில். சேரப்பணஞ்சேரியில் ஒரு ரூமில் ஆறு பேரோடு தங்கியிருந்தார். ஞாயிறு தவறாமல் கடைக்கு வருவார். மற்றவர்கள் என்னை அண்ணே என்பார்கள். அவர் அண்ணாச்சி என்பார். நான் பேசாமல் இருப்பதை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பங்கையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் ஆயுத பூஜைக்கு மறுநாள், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அண்ணாச்சி, மொதல்ல இதைத் தொறந்து பெருசாக் காட்டுங்க. போன்ல பாத்தா நான் எறும்பு மாதிரி தெரியுதேன்.”

திறந்து காட்டினேன். சாம்பல் நிறச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். பின்னால் மாலை போட்ட மிஷின். அதன் நெற்றியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். மேலே சுவரில் கம்பெனிப் பெயர்ப்பலகை. பக்கத்தில் கான்ட்ராக்டர் ஒரு ஸ்வீட் பாக்ஸை அவரிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார்.

பின்னால் நின்றவர் ஒருவர், “இன்னா தலைவா, கம்பெனியையே வாங்கிட்ட மாதிரி நிக்கிற?” என்றார்.

“வாங்கல வே. அவன் ஸ்வீட் குடுக்கதே வருசத்துக்கு ஒரு நா. அதுக்கு ஒரு அத்தாட்சி வேண்டாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ‘கோவில்பட்டி’ என்று பெட்டி திறந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து, அந்தப் போட்டோவை உள்ளே போட்டார். கார்டைக் காலி செய்து பாட்டு ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த வருஷக் கடைசியில் எதிர்ப்பக்கம் ஒரு புதுக்கடை வந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, புதுக் கம்ப்யூட்டர். என்னுடையதோ தட்டினால் எழ அரைமணி நேரம் எடுக்கும். எழுந்த பிறகும் எதைத் தொட்டாலும் உள்ளே கடக் கடக் என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் யோசிக்கும். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா?

“அண்ணே, உன் கம்ப்யூட்டரு எழுந்து பல்லு வெளக்கி டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள எனக்கு நைட் ஷிப்ட்டே வந்துடும் போல கீது.”

“வுடுறா, அதுக்கும் வாரத்துல ஒரு நாளு லீவு வேணாமா?”

சிரித்துக்கொண்டே எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். எனக்கு முகம் சுண்டிவிடும். என் மனைவி கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பொங்கல் முடிந்ததும் அவளே ஒரு நாள் சொன்னாள். “பட்டணம் போயி இத்த சரி பண்ணிக்கினு வரலாம். நானும் வரேன். நீ தனியாப் போனா அவன் சொன்ன வெலைக்குத் தலையாட்டிட்டு வந்துடுவ.”

அவள் சொன்னது உண்மைதான். கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தாம்பரம், அங்கிருந்து ரயில். ரயிலில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், “இன்னாமா, கிரைண்டரா?” என்று கேட்டார். “ஆமா, அரைக்கவே மாட்டேங்குது” என்றாள் என் மனைவி.

சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை. நாலு பேர் நின்றாலே அடைத்துக்கொள்ளும் கடை, பத்துப் பேர் நின்றார்கள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வேறொன்றும் கெடவில்லை, ஹார்ட் டிஸ்க்தான் தேய்ந்துவிட்டது, அதை மாற்றினால் போதும் என்றார். இரண்டு டப்பாக்களை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். ஒன்று செங்கல் துண்டு மாதிரி கனம். இன்னொன்று சீட்டுக்கட்டைவிட மெலிசு, கையில் எடுத்தால் எடையே இல்லை.

“இது ஹார்ட் டிஸ்க். ஒரு டிபி. உங்க பழசு மாதிரி ரெண்டு மடங்கு புடிக்கும். இது எஸ்எஸ்டி. நூத்தியிருவது ஜிபிதான். வெலை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.”

“அதெப்படிங்க, அம்மாம் பெருசும் இத்தினியூண்டும் ஒரே வெலை?” என்று என் மனைவி கேட்டாள்.

“அம்மா, இதுக்கு உள்ள தட்டு சுத்தும். ஊசி ஒண்ணு அது மேல ஓடி ஓடித் தேடும். கடக் கடக்னு கேக்குதில்ல, அதான். இந்தச் சின்னதுல சுத்தறது எதுவுமே கெடையாது. சுவிட்சு போட்டா லைட்டு எரியுற மாதிரி வந்து நிக்கும்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க சார். எடம் வேணுமா, வேகம் வேணுமா?”

நான் மெதுவாக, “ரெண்டும் மாட்டிக்க முடியாதுங்களா? பழசும் உள்ளயே இருக்கட்டும்...” என்றேன்.

“தாராளமா மாட்டலாம். ஆனா பழசு இன்னிக்கோ நாளைக்கோ போற கேஸு. எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டீங்கன்னா இதுல கொறைச்சுக்கறேன். இப்பவே வேணுங்கறத மட்டும் சின்னதுல மாத்திக் குடுத்துடறேன்.”

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். “கூட்டம் எதுத்த கடைக்குப் போவுதே, அத்தப் பாரு. ஊரான் போட்டோவுக்கெல்லாம் நாம எடம் வாங்கிக் குடுக்கணுமா?”

அவளைக் குற்றம் சொல்லி நான் இதை எழுதவில்லை. அந்த மஞ்சள் பெட்டிகளுக்குள் என்னென்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சின்னதே போதும் என்றேன். அதுவும் தப்பில்லை. என் தொழிலுக்கு வேகம்தான் வேண்டியிருந்தது.

தப்பு அடுத்து நடந்தது. கடைக்காரர் என் பழைய டிஸ்கைத் திரையில் திறந்தார். பாட்டு எல்லாம் வேண்டும் என்றேன், படங்கள் கொஞ்சம் வேண்டும் என்றேன். அதற்குக் கீழே ஊர்ப்பெயர்கள் வரிசையாக நின்றன. அவர் அதன்மேல் அம்பை ஓட்டியபடி கேட்டார்.

“இதெல்லாம் இன்னா சார், உங்க ஃபேமிலி போட்டோவா?”

“இல்லீங்க.”

“அப்ப வேணாமில்ல?”

எனக்குப் பின்னால் காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர் அவசரமாக நின்றார்கள். ஒருவன் என் தோளுக்கு மேலாகவே கையை நீட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். அவை என்னை நம்பி வைத்தவை, அழிப்பதற்கு முன்னால் வைத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும், ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். நீளமான பேச்சு அது. அவ்வளவு பேர் நடுவில் அதை ஆரம்பிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் யார் வந்து கேட்டார்கள் என்றும் உள்ளே ஒரு எண்ணம் ஓடியது. தலையாட்டினேன்.

டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். டீயும் குடித்து, பஜ்ஜியும் தின்று, வெயில் இறங்கிய பிறகு வந்தோம். வேலை முடிந்திருந்தது. பாட்டு எல்லாம் போட்ட பிறகும் கொஞ்சம் இடம் மீந்திருக்கிறது என்று சொல்லி, அவரே தன் கையில் இருந்த நாலு புதுப்படத்தை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார். என் மனைவிக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அந்த மீந்த இடத்தில் எத்தனை ஊர்ப்பெட்டிகள் அடங்கியிருக்கும் என்று எனக்கு அப்போது கணக்குத் தெரியாது. ஒரு செல்போன் போட்டோ ஒரு பாட்டில் பாதி இடம்கூடப் பிடிக்காது என்பது பிற்பாடு தெரிந்தது.

கம்ப்யூட்டர் பறந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சும்மா சும்மா அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்ப்பேன். கேலி பேசியவர்கள் வாயைப் பிளந்தார்கள். “அண்ணே, இன்னாத்தப் போட்டு வளக்குற இத்த?” என்றார்கள். எதிர்க்கடைக் கூட்டத்தில் பாதி திரும்பி வந்தது. கார்டு நிறைந்தவர்கள் வந்து வழக்கம்போல, “போட்டோவ உங்ககிட்ட வைக்கவா?” என்று கேட்டால், இப்போதைக்கு இடம் இல்லை என்று மட்டும் சொன்னேன். ஏற்கெனவே வைத்ததும் இல்லை என்று சொல்லவில்லை. கோவில்பட்டிக்காரர் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

வைகாசிக்குப் பிறகு அவரைக் காணவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஆடி மாதம் ஒரு பகல்வேளையில் கடை வாசலில் வந்து நின்றார். கூட ஒரு பெண், கையில் துணிப்பை. அவருடைய வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. கட்டின் முனை மொட்டையாக இருந்தது.

“என்னங்க இது?” என்றேன்.

“பிரஸ்ல மாட்டிக்கிட்டு அண்ணாச்சி. ரெண்டு விரலு. கட்டைவிரலு, ஆள்காட்டி விரலு, நடுவிரலு மூணும் தப்பிச்சிட்டு, அதுவரைக்கும் சாமி புண்ணியம்.” பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். “இது எங்க வீட்ல.”

அந்தம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நடந்ததை அவர்தான் சொன்னார்.

“ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கே கான்ட்ராக்டர் வந்து, எல்லாம் பாத்துக்கிடுதேன்னு சொன்னாக. மறுவாரம் போனா, இவுக எங்ககிட்ட வேலையே பாக்கலங்காக. யாரையோ பாக்க உள்ள வந்தாகளாம், வேடிக்கை பாக்கும்போது கை மாட்டிக்கிட்டாம். எந்தத் தாள்லயும் இவுக பேரு கெடையாது. சம்பளமும் கையிலதான். சங்கத்து வக்கீலய்யாவைப் பாத்தோம். இவுக அங்ஙன வேலை பாத்ததுக்கு ஏதாச்சும் ஒண்ணு காட்டுங்க, நட்டஈடு வாங்கித் தாரேன்னு சொல்லுதாக. கூட வேலை பாக்கவுக யாரும் வாயத் தொறக்க மாட்டேங்காக.”

அவர் கட்டு போட்ட கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு சிரித்தார். “அதுக்குத்தான் நான் சொன்னேன், எங்க அண்ணாச்சிகிட்ட இருக்குன்னு. மிசினு, நம்பரு, கம்பெனி போர்டு, அந்தக் கான்ட்ராக்டர் மூஞ்சி, எல்லாம் ஒரே போட்டோவுல. எடுங்க அண்ணாச்சி.”

கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. சுவிட்சைப் போட்டேன். உடனே வந்து நின்றது.

“எய்யா! என்ன அண்ணாச்சி, மிசினு பறக்கு!” என்றார்.

இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தேடினேன். பாட்டுப் பெட்டிக்குள் போனேன், வெளியே வந்தேன், படத்துக்குள் போனேன். அந்தம்மா என் பின்னால் வந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் என்றால், தேடுகிற மாதிரி நடிப்பதற்குக்கூட அது எனக்கு நேரம் கொடுக்கவில்லை. தொட்ட உடனே எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டது.

“டிஸ்க் மாத்திட்டேன்” என்றேன். “பழசைக் குடுத்துட்டேன்.”

“குடுத்துட்டீகன்னா? அதுல இருந்தது?”

“அதோட போயிடுச்சு.”

கோவில்பட்டிக்காரர் கட்டு போட்ட கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். “சரி, விடுங்க அண்ணாச்சி. நீங்க என்ன வேணும்னா செஞ்சீக” என்றார்.

அந்தம்மா விடவில்லை. “நம்பிக் குடுத்து வச்சதுதான? தூக்கிப் போடதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?” என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. என் மனைவி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பட்டணம் போனேன், தனியாக. கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இல்லை. விவரம் சொன்னதும், “அதெல்லாம் அப்பவே துடைச்சு செகண்ட்ஸ்ல போட்டு வித்தாச்சு சார். எந்த ஊர்ல எந்தப் பொட்டிக்குள்ள சுத்தினுகீதோ, யாருக்குத் தெரியும்?” என்றார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, “நான் கேட்டுதானே சார் செஞ்சிருப்பேன்?” என்றார். ஆமாம், கேட்டுத்தான் செய்தார்.

அதற்குப் பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அதே கம்பெனிக்காரர்கள் வேறு யாராவது அதே பூஜையில் எடுத்த போட்டோவில் அவரும் இருக்கலாம். கடைக்கு வருகிறவர்களின் சட்டை நிறத்தைப் பார்த்துப் பார்த்து, சாம்பல் சட்டைக்காரர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். வாடிக்கையாளரிடம் நானாகப் பேச்சுக் கொடுத்தது அதற்கு முன்னால் இல்லை. சிலர் இல்லை என்றார்கள். சிலர் எதற்கு என்று கேட்டார்கள், சொன்னதும் ரீசார்ஜ்கூடச் செய்யாமல் போய்விட்டார்கள். பெரம்பலூர்க்காரர் ஒருவர் மட்டும் நின்று பதில் சொன்னார்.

“இருக்குண்ணே. இல்லன்னு பொய் சொல்ல விரும்பல. ஆனா நான் குடுத்தேன்னு தெரிஞ்சா மறுநாளே என்னை கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவான். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

நான் வற்புறுத்தவில்லை. ஒருவருக்குச் செய்த கெடுதலைச் சரிசெய்ய இன்னொருவர் வேலையைக் கேட்பது எப்படி?

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரம்பலூர்க்காரரே வந்தார். கார்டைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தார். “பாட்டு ஏத்தி வைங்கண்ணே. உள்ள என்னென்ன இருக்குன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நான் டீ குடிச்சிட்டு வரேன்” என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போனார். டீ குடிக்க அவ்வளவு நேரம் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆயுத பூஜைப் போட்டோ இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் கோவில்பட்டிக்காரர். பாதி முகம்தான் வந்திருக்கிறது. மீதி பாதியை முன்னால் நிற்பவரின் தலை மறைக்கிறது. வலது கை மட்டும் முழுசாகத் தெரிகிறது. பொரித் தட்டைப் பிடித்திருக்கிற அந்தக் கையில் ஐந்து விரலும் இருந்தது. பின்னால் வாழைக்கன்று. மிஷின் நம்பரோ பெயர்ப்பலகையோ கண்ணில் படவில்லை.

அதை பிரிண்ட் போட்டுச் சேரப்பணஞ்சேரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வக்கீல் பார்த்துவிட்டு, இதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, முழுப் போட்டோவைக் கண்ணால் பார்த்த ஆள் யாராவது வந்து சொல்லவேண்டும் என்றாராம். அந்தம்மா கடைக்கு வந்து சொன்னார். “நீங்க வருவீகளா?” என்று மட்டும் கேட்டார்.

லேபர் ஆபீஸில் நான் போன அன்றைக்கு ஃபேன் ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் கான்ட்ராக்டரும் அவருடைய வக்கீலும். போட்டோவில் என்னென்ன இருந்தது என்று சொன்னேன். குரல் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்று அதிகாரி சொன்னார். மறுபடியும் சொன்னேன்.

கான்ட்ராக்டரின் வக்கீல் எழுந்தார். “அந்தப் போட்டோ இப்ப எங்க?”

“இல்லீங்க. போயிடுச்சு.”

“தானா போச்சா?”

“நான்தான் வேணாம்னு சொன்னேன்.”

“இவ்வளவு விவரமா ஞாபகம் வச்சிருக்கீங்க. ஆனா வேணாம்னு சொல்லிட்டீங்க. ஏன்?”

கோவில்பட்டிக்காரரும் அவர் மனைவியும் சுவரோரத்தில் நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது, தெரியாமல் அழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அங்கே யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

“எனக்குத் தேவைப்படலைங்க” என்றேன்.

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வழக்கு அதற்கப்புறமும் இழுத்தது. கடைசியில் இந்த வருஷம் சித்திரையில் சமரசம் பேசி முடித்தார்கள். அவர் வேலை பார்த்தார் என்று ஒத்துக்கொள்ளாமலே, இரக்கப்பட்டுக் கொடுப்பதாக எழுதி ஒரு தொகையைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவும் வாங்கிய கடனும் போனால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. நானும் அன்றைக்குப் போயிருந்தேன். வெளியே வந்ததும் வக்கீல் அந்தம்மாவிடம், “அந்த ஒரு போட்டோ மட்டும் என் கையில இருந்திருந்தா நான் இதுக்கு ஒத்துக்கிட்டே இருக்க மாட்டேம்மா” என்றார். பக்கத்தில் நிற்பது யார் என்று அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

ஊருக்குக் கிளம்பிய அன்று இரண்டு பேரும் பையோடு கடைக்கு வந்தார்கள். அவர் பழையபடி பேசினார். ஊரில் மச்சினனோடு சேர்ந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வண்டி ஓட்டப் போவதாகச் சொன்னார். “வளையத்தைப் புடிக்க மூணு விரலு போதும் அண்ணாச்சி. ஹாரன் அடிக்கதுக்குத்தான் ஆளு வைக்கணும்” என்றார். அந்தம்மா சிரிக்கவில்லை.

போகிற வழிக்குப் பாட்டு ஏற்றித் தரச் சொல்லி இடது கையால் கார்டை எடுத்துக் கொடுத்தார். கார்டு நிறைந்திருந்தது. மகள், ஆஸ்பத்திரிக் கட்டில், கட்டுப் பிரித்த கை, எல்லாம் இருந்தது. நான் கேட்டிருக்கக் கூடாது. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“கார்டுல எடம் இல்ல. போட்டோவெல்லாம் இங்க எடுத்து வெச்சிடட்டுங்களா?”

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சங்கடப்படக் கூடாதே என்று பார்த்த பார்வை அது.

“வேண்டாம் அண்ணாச்சி. இடம் இருக்க மட்டும் பாட்டு போடுங்க. போட்டோ எங்கிட்டயே இருக்கட்டும்.”

நாலு பாட்டுதான் கொண்டது. காசு வேண்டாம் என்றேன். கேட்காமல் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து என் மனைவி தானாகவே, “அந்தப் பெரிய டிஸ்க்கு ஒண்ணு வாங்கிப் போட்டுடு” என்றாள். வாங்கி, சின்னதற்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இப்போது எல்லோரிடமும் பெரிய தொடுதிரை போன். போட்டோ வைக்க யாரும் என்னிடம் வருவதில்லை.

ஆனால் முன்பு வைத்தவர்கள் வருகிறார்கள். ஆவணியில் தேவகோட்டைப் பெண் ஒருத்தி வந்தாள். அக்காவின் வளைகாப்புப் போட்டோ கேட்டாள். இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். “சரிங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த அக்கா இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஊர்வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். எல்லோரையும் எனக்கு ஊரை வைத்துத்தான் தெரியும். தேடிப் போய்ச் சொல்ல வழியில்லை. வெளியூர்க்காரர் யாராவது கடையைக் கண்டுபிடித்து உள்ளே வந்து, என்னை ஞாபகம் இருக்கா என்று சிரித்தால், அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

நாலு நாளாக மழை. ரோட்டில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, கடையில் ஆள் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

15 நவம்பர் 2015, ஞாயிற்றுக்கிழமை.